சனிக்கிரகத்துக் கம்பனியும் நாயாற்றுப் பாட்டும்

*வேற்றுக் கிரகத்தில் பிறந்ததாகச் சொன்ன ஓர் இசைத்தட்டு நிறுவனம். கடலடியில் நாடு கண்ட இன்னொரு குழு. பாட்டு யாருக்குச் சொந்தம் என்று இப்போதுதான் கேட்கத் தொடங்கியிருக்கும் வன்னியின் பிள்ளைகளுக்கு இவர்களிடம் என்ன இருக்கிறது?*

விடிந்து கொஞ்ச நேரம். முல்லைத்தீவு மாவட்டத்தின் நாயாற்றுக் கரையில் கரைவலை வந்துகொண்டிருக்கிறது. மடி இன்னும் தூரத்தில்தான். முன்பென்றால் கயிற்றின் இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று பின்னோக்கி நடப்பார்கள். ஒருவர் குரல் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிச் சொல்வார்கள். அந்தச் சொல்லுக்குத்தான் கால் பின்வாங்கும், அந்தச் சொல்லுக்குத்தான் கயிறு ஏறும். அம்பா என்பது அதுதான். இப்போது கயிற்றை உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் சுற்றி எடுக்கிறது. எஞ்சின் இரைச்சலில் வாயால் பாடி எடுபடாது. அதற்குப் பதிலாக மட்காட்டின் மேல் ஒரு சின்ன ஸ்பீக்கர், அதில் போனிலிருந்து ஒரு பாட்டு. நல்ல பாட்டு. ஈழத்துப் பேச்சில், கடலைப் பற்றி, யாரோ ஓர் இளைஞன் ராப் பாணியில் பாடியது.

பாடியது ஆர் என்று கேட்டால், “யூரியூப்பில வந்தது அண்ணை” என்பதுதான் பதில்.

அந்தப் பதிலில் தவறில்லை. பாட்டைக் கேட்பவருக்கு அதற்குமேல் தெரிய வேண்டியதுமில்லை. ஆனால் பாடியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் இன்று வீட்டு அறைக்குள் மைக்கும் மடிக்கணினியும் வைத்துப் பாட்டுச் செய்யும் பிள்ளைகளிடம், “உன் பாட்டின் மூலப்பதிவு யாரிடம் இருக்கிறது? அதன் வருமானம் எந்தக் கணக்குக்குப் போகிறது?” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அமைதிதான் கிடைக்கும். இந்தக் கட்டுரை அந்த அமைதியைப் பற்றியது. அதைச் சொல்ல ஒரு முறை சனிக்கிரகம் வரை போய்வர வேண்டியிருக்கிறது.

சனியிலிருந்து வந்தவர்

1914 மே 22 அன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பேர்மிங்ஹாம் நகரில் ஒரு கறுப்பினக் குழந்தை பிறந்தது. பெயர் ஹேர்மன் பூல் பிளவுன்ட். அவர் பிற்பாடு அந்தப் பிறப்பையே ஏற்க மறுத்துவிட்டார். தான் பூமியைச் சேர்ந்தவனில்லை, சனியைச் சேர்ந்தவன் என்றார். கல்லூரிக் காலத்தில் ஒரு நாள் தன்னை ஒளி சூழ்ந்ததாம், உடல் கண்ணாடிபோல் ஆனதாம், சனிக்குக் கொண்டுபோகப்பட்டாராம். காதுகளில் உணர்கொம்பு வைத்த உயிர்கள் அங்கே பேசினவாம். படிப்பை விடு, உலகம் குழம்பப்போகிறது, நீ இசையால் பேசு என்றனவாம். இந்தக் கதையை அவர் சாகும்வரை மாற்றவில்லை. 1952 இல் நீதிமன்றம் போய்ப் பெயரைச் சட்டப்படி மாற்றினார். உலகம் அவரை அறிவது சன் ரா என்றுதான்.

கதைக்கு முன்னால் நடந்ததையும் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் தூக்க மாட்டேன் என்று மறுத்தவர் அவர். 1942 இல் அதற்காக அலபாமாவில் சிறையில் போட்டார்கள். வெளியே வந்தால், கறுப்பர் எந்த வாசலால் நுழையலாம், எந்த வாங்கில் இருக்கலாம் என்று சட்டம் எழுதி வைத்திருந்த ஊர். “நான் இந்த உலகத்தவனே இல்லை” என்று அந்த ஊரில் பிறந்த ஒருவன் சொன்னால், அதைப் பைத்தியம் என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. 1974 இல் வெளிவந்த ‘ஸ்பேஸ் இஸ் த பிளேஸ்’ படத்தில் அவரே ஓக்லண்ட் நகரத்துக் கறுப்பின இளைஞரிடம் இதை விளக்குகிறார். நானும் நிசமில்லை, நீங்களும் நிசமில்லை, இந்தச் சமூகத்தில் நீங்கள் நிசமாக இருந்திருந்தால் உரிமை கேட்டு நிற்க வேண்டி வந்திராது என்பது அவர் பேச்சின் சாரம். வன்னியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு இந்த நியாயம் உடனே பிடிபடும்.

சிக்காகோவுக்கு வந்தபின், 1950களின் தொடக்கத்தில், அல்டன் ஏப்ரஹாம் என்பவரைச் சந்தித்தார். ஏப்ரஹாம் வைத்தியசாலை ஊழியர், பெரிய பணக்காரரல்ல. இருவரும் சேர்ந்து ‘எல் சற்றேர்ன்’ என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். சனி என்பதே கம்பனியின் பெயர். முதலில் சிறு தட்டுகள். 1957 இல் ‘சூப்பர்சொனிக் ஜாஸ்’ என்ற நெடுந்தட்டு. கறுப்பினத்தவரின் இசையை வெள்ளையர் கம்பனிகள் சொற்பக் காசுக்கு வாங்கித் தம் பெயரில் வைத்துக்கொண்ட காலத்தில், இசைஞரே சொந்தக்காரராக இருந்த மிகச் சில நிறுவனங்களில் இது ஒன்று.

வேலை நடந்த விதம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஒத்திகையையும் கச்சேரியையும் தங்கள் கருவியிலேயே பதிந்தார்கள். சில தட்டுகள் 75 பிரதி அளவில்தான் அடிக்கப்பட்டன. அட்டை அச்சிடக் காசில்லாதபோது வாத்தியக்காரரே கையால் வரைந்து ஒட்டினார்கள். கச்சேரி முடிய மேடையடியில் வைத்து விற்றார்கள், தபாலில் அனுப்பினார்கள். கடைக்காரரோ வானொலியோ இவர்களைக் கண்டுகொள்ளவில்லை. ஆனாலும் நூற்றுக்கு மேற்பட்ட தட்டுகள் சன் ரா பெயரில் நிற்கின்றன. 1993 இல் அவர் இறந்தபின்னும் குழு கலையவில்லை. 1950களின் இறுதியில் சேர்ந்த மார்ஷல் அலன் 2024 இல் நூறு வயதைத் தொட்டார், அடுத்த ஆண்டு தன் பெயரில் முதல் தனித்தட்டை வெளியிட்டார்.

குறையையும் சொல்ல வேண்டும். எல் சற்றேர்ன்காரர்கள் பதிவைக் காத்தார்கள், காகிதத்தைக் காக்கவில்லை. ஒரே தட்டுக்கு இரண்டு இலக்கம், எங்கே எப்போது பதிந்தது என்ற குறிப்பில்லை, யாருக்கு எவ்வளவு பங்கு என்ற எழுத்தில்லை. சன் ரா போனபின் எந்தப் பதிவு யாருடையது என்ற சிக்கல் நெடுங்காலம் இழுபட்டது. 1999 இல் ஏப்ரஹாம் இறந்தபோது அவர் வீட்டில் இருந்த சுருள்களும் வரைபடங்களும் கடிதங்களும் குப்பைக்குப் போக இருந்தன. ஜோன் கோர்பெட் என்ற எழுத்தாளர் ஓடிப்போய் எடுத்தார். இன்று அவற்றில் பெரும்பகுதி சிக்காகோ பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாப்பாக இருக்கிறது.

> பெட்டிச் செய்தி: வானில் போகும் தட்டு
>
> சனியைத் தாண்டிப் போன உண்மையான இசைத்தட்டும் ஒன்று உண்டு. 1977 இல் ஏவப்பட்ட வோயேஜர் 1, வோயேஜர் 2 என்ற இரண்டு விண்கலங்களிலும் தங்க முலாம் பூசிய செப்புத் தட்டு ஒவ்வொன்று இருக்கிறது. பூமியின் 55 மொழிகளில் வாழ்த்து, பல நாட்டு இசை. இந்தியாவிலிருந்து கேசர்பாய் கேர்க்கரின் குரல் போயிருக்கிறது. வாழ்த்து மொழிகளில் ஹிந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், சிங்களம் எல்லாம் உண்டு. தமிழ் இல்லை.

கடலடியில் ஒரு நாடு

நாயாற்றில் இருப்பவர்களுக்கு வானத்தைவிடக் கடல் கிட்ட. டிட்ராய்ட் நகரத்து ‘டிரெக்சியா’ குழுவின் கதை அவர்களுக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும். ஜேம்ஸ் ஸ்டின்சன், ஜெரால்ட் டொனால்ட் என்ற இருவர் 1990களில் முகம் காட்டாமல் மின்னிசை வெளியிட்டார்கள். 1997 இல் வந்த அவர்களது ‘த குவெஸ்ட்’ தொகுப்பின் உறையில் ஒரு கதை அச்சாகியிருந்தது. ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளை ஏற்றிய கப்பல்களில் நோயுற்ற கர்ப்பிணிகளைக் கடலில் தூக்கிப் போட்டார்களே, அந்தத் தாய்மாரின் வயிற்றில் இருந்த பிள்ளைகள் சாகவில்லை. தண்ணீருக்குள்ளேயே மூச்செடுக்கப் பழகி, அங்கே ஒரு நாடு அமைத்தார்கள். அந்த நாட்டின் பெயர்தான் டிரெக்சியா.

விஞ்ஞானப் புனைகதைதான். ஆனால் அதற்குள் இருப்பது நடந்த கொலை. கணக்கில் எடுக்கப்படாத பிள்ளைகளுக்கு ஒரு நாடும் ஓர் இசையும் கொடுக்கிற துணிவு அது. போர் முடிந்த 2009 மே மாதத்தில் நந்திக்கடலையும் முள்ளிவாய்க்காலையும் கண்ட மாவட்டத்தில் இந்தக் கதையை விளக்க வேண்டிய தேவையில்லை.

கதையோடு அவர்கள் நிற்கவில்லை. டிரெக்சியாவின் தட்டுகளை வெளியிட்டவற்றில் ‘அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ்’ என்ற டிட்ராய்ட் நிறுவனமும் ஒன்று. அதன் மைக் பாங்ஸ் 1992 இல் ‘சப்மேர்ஜ்’ என்ற விநியோக அமைப்பையும் தொடங்கினார். பாட்டுச் செய்வதும் நாமே, கடைக்கு அனுப்புவதும் நாமே என்ற ஏற்பாடு. கைமாறும் இடத்தில்தான் காசு காணாமல் போகிறது என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள்.

கடல் கடந்த ஒரு வழக்கு

தமிழில் இதன் மறுபக்கத்தை நாம் கண்முன்னே பார்த்தோம். கனடாவாழ் ஈழத்தமிழர் முன்னின்று தொடங்கிய ‘மாஜ்ஜா’ நிறுவனம், ஏ. ஆர். ரஹ்மானின் ஆதரவோடு, சினிமாவுக்கு வெளியே சுதந்திர இசைக்குக் களம் தருவோம் என்று வந்தது. 2021 மார்ச் 7 அன்று வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ உலகமெல்லாம் போனது. பாடகி தீயும் ராப் பாடகர் அறிவும் பாடினார்கள், இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் தயாரித்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்து ரொறன்ரோவில் வளர்ந்த ஷான் வின்சென்ட் டி போலின் ‘மேட் இன் ஜஃப்னா’ தொகுப்பும் அதே வீட்டிலிருந்து வந்தது. நமக்கெல்லாம் பெருமையாக இருந்தது.

அந்தப் பாட்டின் வேர் இலங்கைக்கும் வருகிறது. அறிவின் முன்னோர் இங்கே தேயிலைத் தோட்டங்களில் உழைத்த நிலமற்ற மக்கள். பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து அவர் எழுதினார். 1964 இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் மலையக மக்களில் இலட்சக்கணக்கானோரைக் கப்பலேற்றியது. 1977 வன்செயலுக்குப் பின் இன்னொரு பகுதியினர் மலையிறங்கி வன்னிக்கு வந்தார்கள், காடு வெட்டிக் குடியேறினார்கள். வள்ளியம்மாள் சுமந்த அதே நினைவைச் சுமந்த பாட்டிமார் இன்றும் கிளிநொச்சிக் குடியிருப்புகளில் இருக்கிறார்கள்.

பிறகு நடந்தது தெரிந்ததே. 2021 ஓகஸ்டில் ஒரு சஞ்சிகை அட்டையில் அறிவு இல்லாமல் போனது, 2022 இல் சதுரங்க ஒலிம்பியாட் மேடையில் அவர் இல்லாமல் பாட்டு ஒலித்தது, யார் எழுதியது என்ற வாக்குவாதம். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் காணொளி வெளியிட்டு, மூன்று வருடத்தில் தமக்கு எந்த வருமானமும் வந்து சேரவில்லை என்றார். நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. யார் சரி என்று தீர்ப்பளிப்பது இந்தக் கட்டுரையின் வேலையல்ல. ஆனால் உலகப் புகழ் பெற்ற கலைஞர்களுக்கே, நல்ல வழக்கறிஞர் வைத்துக்கொள்ளக்கூடியவர்களுக்கே இந்த நிலை என்றால், அளம்பிலில் இருந்து போனில் பதிந்து அனுப்பும் பிள்ளைக்கு என்ன நடக்கும்?

வன்னியில் பாட்டு எங்கே போகிறது

முல்லைத்தீவுப் பட்டினத்திலிருந்து தெற்கே அளம்பில், செம்மலை தாண்டினால் நாயாறு, அதற்கப்பால் கொக்கிளாய். ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல். 1984 டிசம்பரில் இந்தக் கரையோரச் சனம் ஊரை விட்டுப் போனது. திரும்பிவரக் கால் நூற்றாண்டுக்கு மேலாயிற்று. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலையாகக் கடல் ஏறியது. 2009 இல் மாவட்டம் முழுவதும் வெறுங்கையோடு முகாமுக்குப் போனது. 2018 ஓகஸ்டில், எல்லாம் முடிந்து தொழில் தொடங்கிய பிறகும், இதே நாயாற்றில் தமிழ் மீனவரின் வாடிகளும் படகுகளும் வலைகளும் இரவோடு இரவாக எரிந்தன.

ஒவ்வொரு முறையும் வீட்டோடு போனவற்றில் கசெற்றுகளும் உண்டு. கோயில் திருவிழாவில் பதிந்த கோவலன் கூத்து, கலியாண வீட்டு வீடியோ, செத்தவீட்டில் அழுத ஒப்பாரி, றேடியோவிலிருந்து பிடித்த பாட்டு. போர்க்காலத்தில் கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் பதிவான எத்தனையோ குரல்களின் மூலநாடாக்கள் எங்கே என்று சொல்ல இன்று ஆளில்லை. பாடகர் எஸ். ஜி. சாந்தன் 2017 பெப்ரவரியில் யாழ்ப்பாணத்தில் காலமானார். அவர் குரலை இன்றும் யூரியூப்பில் ஆளுக்கொரு சனல் ஏற்றி வைத்திருக்கிறது. பிரதிக்குப் பிரதி எடுத்த, இரைச்சல் ஏறிய ஒலிதான் நமக்கு மிஞ்சியிருப்பது.

இப்போது வன்னியில் அதிகம் வெளிவருவது கோயில் இறுவட்டு. இதன் நடைமுறை எல்லோருக்கும் தெரியும். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் காசு தருவார். ஊர் ஆசிரியர் பாட்டு எழுதுவார். யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இசையமைத்துப் பாடுவார்கள். தேர்த்திருவிழா அன்று வெளியீடு, முதற்பிரதி, பொன்னாடை. மூலக்கோப்பு ஸ்ரூடியோக் கணினியில் கிடக்கும். இரண்டு வருடத்தில் அந்தக் கணினியைப் புதிதாக மாற்றுவார்கள், கோப்பும் போய்விடும். எழுதியவரிடமும் இல்லை, காசு தந்தவரிடமும் இல்லை, கோயிலிடமும் இல்லை. யாரும் ஏமாற்றவில்லை. கேட்பதற்கு ஒருவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இளம் பாடகர்களின் வழி வேறு, முடிவு அதே. நண்பனின் சனலில் ஏற்றுவார்கள், ஏனென்றால் அவனுக்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அல்லது யாரோ ஒரு விநியோகக்காரர் “ஸ்பொட்டிஃபையில போட்டுத் தாறன்” என்பார், கோப்பை அனுப்பிவிடுவார்கள். விநியோகக்காரர் தன் பெயரில் பதிந்தால், பிறகு பாடியவரே தன் பாட்டைத் தன் சனலில் ஏற்றும்போது உரிமைமீறல் என்று அறிவித்தல் வரும். சொந்தப் பாட்டுக்குத் தானே திருடனாகும் இந்த நிலைக்கு ஒரு பிள்ளையும் ஆளாகக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

> பெட்டிச் செய்தி: சட்டமும் கணக்கும்
>
> இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நடைமுறையில் உள்ளது. பாட்டு எழுதிய கணமே உரிமை பிறக்கிறது, பதிவு செய்யத் தேவையில்லை. எழுதியவரின் ஆயுளும் அதன்பின் 70 வருடமும் அது நிற்கும். பாடியவருக்கும் ஒலிப்பதிவைத் தயாரித்தவருக்கும் தனித்தனியே 50 வருட உரிமை உண்டு. உரிமையைக் கைமாற்ற எழுத்தும் கையொப்பமும் வேண்டும். நாட்டார் வழக்காறுகளுக்கும் அதே சட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது.
>
> யூரியூப்பில் விளம்பர வருமானம் பெற 1,000 சந்தாதாரரும் பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும் (குறுங்காணொளிக்கு வேறு கணக்கு). ஸ்பொட்டிஃபை 2021 இல் இலங்கைக்கு வந்தது. 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு அது பதிவு உரிமைப்பணம் தருவதில்லை.

ஒரு சின்னக் கம்பனி

ஸ்பொட்டிஃபையின் அந்த ஆயிரம் தடவைக் கணக்கைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு தனிப் பிள்ளையின் பத்துப் பாட்டும் ஒவ்வொன்றும் முந்நூறு தடவை கேட்கப்பட்டால் கையில் வருவது பூச்சியம். பெரிய தளங்களின் கணக்கு சிறியவர்களுக்காகப் போடப்பட்டதல்ல. சன் ரா செய்ததுபோல மேடையடியில் நேரே விற்பதுதான் இன்னும் சிறியவரின் வழி. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கு வரும் சனத்தில் நூறு பேர் ஒரு பாட்டுத் தொகுப்பை இருநூறு ரூபாவுக்கு வாங்கினாலே இருபதாயிரம். ரொறன்ரோ, இலண்டன், பாரிஸ் ஊர்ச்சங்கக் கூட்டங்களில் விற்றால் அதைவிடக் கூடும். கேட்பவரின் பெயரும் முகவரியும் பாடியவரின் கையிலேயே இருக்கும். எந்த நிறுவனமும் விலை கொடுத்து வாங்க முடியாத சொத்து அது.

அதற்குப் பெரிய அலுவலகம் வேண்டாம். நாலைந்து பேர், ஒரு பெயர், ஒரு வங்கிக் கணக்கு போதும். பெயரைப் பற்றி எனக்கு ஓர் ஆசை உண்டு. ‘முல்லை மியூசிக்’, ‘வன்னி என்ரரெயின்மென்ற்’ என்று வைக்காதீர்கள். உப்புநீரில் விளக்கெரிக்கும் கண்ணகியின் ஊர் இது. யானையை அடக்கிய அரியாத்தையைக் கூத்தாக ஆடும் மண் இது. கடலுக்கடியிலிருந்து வந்த கம்பனி என்று சொல்லுங்கள், களப்பில் இறங்கிய ஓடத்தில் வந்த கம்பனி என்று சொல்லுங்கள். எங்கிருந்து வந்தாய், இது யாருடைய நிலம், எந்த வருடம் இங்கே இருந்தாய் என்று படிவம் படிவமாகக் கேட்கப்பட்ட சனத்துக்கு, தன் பிறப்பைத் தானே சொல்லும் உரிமை ஒரு முறையாவது இருக்கட்டும். சன் ராவின் சனிக்கதை அவருக்குச் செய்தது அதைத்தான்.

ஆனால் கதையை மட்டும் அவரிடம் எடுங்கள், கணக்கை எடுக்காதீர்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு தாள் எழுதுங்கள். எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், வாசித்தவர், பதிந்த இடம், திகதி, ஆளுக்கு எத்தனை வீதம். எல்லோரும் கையெழுத்து. ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற பன்னிரண்டு எழுத்து இலக்கம் உண்டு, அது உங்கள் கம்பனியின் பெயரில் எடுக்கப்பட வேண்டும். விநியோகத்துக்கு ஆளைப் பிடித்தால், எத்தனை வருடத்துக்கு, நிறுத்த விரும்பினால் எப்படி என்ற இரண்டையும் வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். வெளிநாட்டுச் சித்தப்பா காசு தந்தாலும் எழுத்து வேண்டும். சித்தப்பா கோபிக்க மாட்டார்.

முதல் தொகுப்பாக என்ன வெளியிடலாம் என்று கேட்டால், அம்பா என்பேன். கரைவலைக் கயிற்றைக் கையால் இழுத்துப் பாடிய தலைமுறை இன்னும் இந்தக் கரையில் இருக்கிறது, அறுபதும் எழுபதும் தாண்டிய ஆட்கள். அவர்களுக்கு அது பாட்டு என்பதைவிட வேலை. தனியாக இருத்திப் பாடச் சொன்னால் வராது, கயிறும் நாலு பேரும் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வின்ச்சை நிறுத்திவிட்டு, வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் கேட்டு, ஒரு வலையைக் கையால் இழுத்துப் பதியலாம். இளம் ராப் பாடகர்கள் அதன்மேல் தங்கள் இசையைக் கட்டலாம். நாட்டார் பாட்டுத்தானே, ஆருக்கும் சொந்தமில்லை என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. அன்று கயிற்றில் நின்று பாடிய ஒவ்வொருவரும் சட்டப்படி பாடகர்தான். அவர்கள் பெயர் தாளில் வர வேண்டும், பங்கு அவர்களுக்கும் போக வேண்டும்.

மூலக்கோப்பை இந்தக் கரையில் மட்டும் வைக்காதீர்கள், இங்கே என்னவெல்லாம் நடந்தது என்று தெரியும். ஒரு பிரதி வவுனியாவில், ஒரு பிரதி வெளிநாட்டில், ஒன்றை 2005 இல் தொடங்கி ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலக நிறுவனத்துக்கு, தாளோடு சேர்த்து அனுப்பிவிடுங்கள்.